நாற்பத்தோராவது கார்

கார் கிளப்பில் எல்லோருக்கும் அவள் செயலாளர் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த தலைவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வருடத்துக்கு ஒரு நாள் பந்தயத் தடத்தை வாடகைக்கு எடுத்து, உறுப்பினர்களை ஆசை தீர ஓட்டவிடும் பொறுப்பு அவள் தலையில் விழுந்து ஒன்பது வருடமாகிறது. இதுவரை ஒரு சுற்றுகூட அவள் ஓட்டியதில்லை. ஆம்புலன்ஸ் வரவில்லை, யாரோ ஹெல்மெட்டை மறந்துவிட்டார் என்றே பொழுது போய்விடும். அவளுக்கு ஓட்டவே தெரியாது என்று புது உறுப்பினர்களில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். மற்றவர்கள் சீறிக்கொண்டு போகும்போது அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்துவதை யார் கவனித்தார்கள்?

இந்த முறை பட்டியலில் நாற்பத்தோராவதாகத் தன் பெயரை எழுதிக்கொண்டாள். மாலை நாலரை மணி, கடைசிச் சுற்று. வெட்கப்பட்டுக்கொண்டு கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் அவள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பேட்டரியைக் கையால் அசைத்துப் பார்ப்பாள்; ஆடினால் அந்தக் கார் தடத்தில் இறங்கக் கூடாது. காலையில் பல் டாக்டருடைய காரில் அது ஆடியது.

"கயித்தால கட்டிடறேன், அக்கா."

"ஆடுற பல்லுக்கும் கயிறுதான் கட்டுவீங்களா, டாக்டர்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்த மனுஷன், ஓட்ட முடியாமல் நாள் முழுக்கக் கொடி பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

நாலே காலுக்கு அவள் தன் பழைய காரின் டிக்கியைத் திறந்தாள். அந்தக் காருக்குப் பேட்டரி பின்னால்தான். தடத்தில் வைக்கும் கூம்புகள், தீயணைப்புக் குடுவைகள் என்று கிளப்பின் சாமான் அத்தனையும் அவள்தான் அதற்குள் திணித்துக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பாரத்தில் பேட்டரியைப் பிடித்திருந்த பட்டை உடைந்து கிடந்தது. தொட்டாள். ஆடியது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "யாரும் பாக்கல அக்கா. ஒரே சுத்துதானே, போயிட்டு வாங்க."

மனசாரத்தான் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தடம் காலியாகக் கிடந்தது. கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான். அந்த ஒரு சுற்றுக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

"உங்களுக்குச் சொன்னதுதான் எனக்கும்," என்று பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டாள்.

பிறகு கூம்புகளைப் பொறுக்கத் தடத்தில் இறங்கினாள். கூட வந்தவர்களை வேண்டாமென்று அனுப்பிவிட்டாள். ஓரமாக நடந்தாலே போதும். அவளோ ஒவ்வொரு வளைவிலும் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி, மறுபடி வெளியே வந்து, பந்தயக் கார் போகிற கோட்டிலேயே நடந்து முடித்தாள்.