நெட்டை ரம்பம்

விடிவதற்குள் குழியில் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் ஓரத்து மணல் காய்ந்து சரசரவென்று கழுத்துக்குள் உதிரும். தேசப்பன் முகத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். தலைக்கு மேலே குறுக்கே ஒரு தேக்குத்தடி. தடியின்மேல் காலை அகட்டி வரதன். இருவருக்கும் நடுவே ரம்பம். மேலே இருப்பவன் தூக்க வேண்டும். கீழே இருப்பவன் தொங்கி இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு கை மரத்தூள் கீழே இருப்பவன்மேல் கொட்டும். மூக்கில், காதில், வேர்த்த முதுகில் அப்பும். மத்தியானத்துக்குள் தேசப்பன் மாவில் புரட்டிய மடவை மீனாகிவிடுவான்.

"வறுத்து எடுத்துடலாம் மாப்ளே உன்னை" என்பான் வரதன்.

"முள்ளு பார்த்துத் துன்னு மச்சான். தொண்டையில மாட்டிக்கினா உன் தங்கச்சி என்னைத்தான் திட்டுவா" என்று குழிக்குள்ளிருந்து பதில் வரும்.

தேசப்பனுக்கு வாழ்க்கைப்பட்ட தேவகி, வரதனின் தங்கை.

மரம் அறுக்கும்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேச்செல்லாம் ரம்பத்தின் வழியாகத்தான். பசி வந்தால் இழுப்பு தொய்யும். வீட்டில் சண்டை என்றால் இழுப்பு வெட்டும். தேசப்பனிடம் ஒரு குறும்பும் உண்டு. திடீரென்று கீழ்க்கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். மேலே வரதன் என்ன இழுத்தாலும் ரம்பம் அசையாது. "வுடுடா கஸ்மாலம்!" என்று வரதன் கத்துவான். கீழே சிரிப்பு கேட்கும். அது வெறும் விளையாட்டு இல்லை. மரம் அறுத்து விற்கும் அந்த மரத்தொட்டியில் மூச்சு வாங்க வேறு வழி கிடையாது. முதலாளிக்கு மொழிபெயர்க்கும் துபாஷி வந்து கேட்டால், ரம்பம் சிக்கிக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒலாந்தாக்காரர்கள் என்று ஊர் சொல்லும் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி இரண்டு தலைமுறை ஆகியிருந்த காலம் அது. முந்தின மழையில் முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டது. கடல் உள்ளே வரவில்லை. கடலோடு வரவேண்டிய இறாலும் வரவில்லை. வலை பிடித்த கைகள் ரம்பம் பிடிக்க வந்தன. வந்தவர்கள் தங்கள் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஏரியில் எந்த இடத்தில் எவன் வலை விழவேண்டும் என்பதை அவர்கள் சோழி எடுத்து முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பானையில் ஆளுக்கு ஒரு சோழி. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை கிடையாது. மரத்தொட்டியிலும் அப்படியே. பெரியவர் லோகநாதன் பானைக்குள் கைவிடுவார். எவன் சோழி வருகிறதோ அவனுக்கு அன்று குழி. இறங்குகிறவன் தன் சோழியை இடுப்பில் முடிந்துகொண்டு இறங்குவான்.

தொட்டிக்குச் சொந்தக்காரர் கோர்னேலிஸ் துரை. கோட்டை உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தனியாகக் கப்பல் மரம் அறுத்து விற்றுக்கொண்டிருந்தார். பழவேற்காட்டு வெயிலில் ஆட்டுமயிர் போல ஒரு பொய்முடி வைத்துக்கொண்டு, அது தலைக்கு உள்ளேயும் எதையோ மறைக்கிறது என்று ஊர் நினைக்கும்படி நடந்துகொள்வார். உயரம் கொஞ்சம் குறைவு. ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு அவரேதான் தினமும் அறிவித்து வந்தார்.

அவருக்குக் கப்பலில் இரண்டு ரம்பங்கள் வந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு. கொழுப்புத் தடவி வைக்கோலில் படுத்திருந்த அவற்றை, வராந்தாவில் பட்டுத் துணி விரித்த மேசைமேல் கிடத்தினார்கள். ஒன்று ஆள் உயரம். ஜனங்கள் அதற்கு உடனே குட்டை என்று பேர் வைத்தார்கள். இன்னொன்று அதைவிட ஒரு முழத்துக்கும் மேலே நீளம், அகலம், பல்லெல்லாம் சுறாப்பல். அது நெட்டை. துரை நெட்டைக்கு "இளவரசர்" என்று பட்டம் சூட்டினார். இரும்புக்கு முன்னால் தொப்பியைக்கூடக் கழற்றினார். பொய்முடி கூடவே வந்துவிடப் பார்த்தது, பிடித்துக்கொண்டார்.

"குட்டையே போதுங்க துரை" என்றார் லோகநாதன். "நெட்டைன்னா கீழ நிக்கறவனுக்கு இன்னும் ஒரு முழம் ஆழம் வேணும். இங்க இப்ப இருக்கறதுக்குக் கீழ தோண்டுனாலே தண்ணி. ஓரம் நிக்காது."

அது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. இதைத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்ன துபாஷி வீரராகவன், மணல் சரியாமலிருக்கத் தன் வீட்டுக் கிணற்றுக்குக் கழுத்துவரை உறை இறக்கியிருந்தார்.

துரை ஏதோ சுருக்கமாகச் சொன்னார். துபாஷி அதை நீட்டி முழக்கினார். "கோட்டைத் தலைவர் தொட்டியைப் பார்வையிட வரப்போகிறார். கோட்டையிலே இருக்கிற ரம்பம் இந்தக் குட்டை அளவுதான். அதைவிடப் பெரியது ஒன்று இந்தக் கடற்கரையிலே உண்டென்றால் அது துரை அவர்களிடம் இருந்தாக வேண்டும்."

"நெட்டையே வேணும்னா வெச்சுக்கோங்க" என்றார் லோகநாதன். "குழி வேணாம். சாரம் கட்டித் தடியை மேல உசத்திடறோம். மண்ணைத் தொடவே வேணாம்."

துரை வராந்தாவையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியானால் மேலே அறுக்கிறவன் எங்கே நிற்பான்?"

"தடி மேலதான்."

"என் தலைக்கு மேலேயா?"

தேசப்பனுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "துரை இன்னும் ரெண்டு செருப்பு சேர்த்துப் போட்டுக்கினா சரியாப்பூடும்" என்றான்.

மொத்தக் கூட்டமும் சிரித்தது. துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. துரை சிரித்தவர்களின் கண் போன இடத்தைப் பார்த்தார். அது அவர் கால். காது சிவந்தது. இளவரசருக்குக் குழி தோண்ட உத்தரவானது.

"ஓரத்துக்கு முட்டுக் குடுக்கப் பலகையாவது குடுங்க" என்று வரதன் கேட்டான்.

"பலகை கப்பலுக்கு அறுக்கிறது" என்றார் துபாஷி. "மண்ணுக்கு இல்லை."

மலைபோல் பலகை அடுக்கியிருந்த தொட்டியில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார்.

மறுநாள் குழியில் நெட்டை இறங்கியது. பானையில் வந்தது தேசப்பனின் சோழி. அவன் அதை இடுப்பில் முடிந்துகொண்டு, "இளவரசரைக் குளிப்பாட்டிட்டு வரேன்" என்று சொல்லி இறங்கினான். கணுக்காலுக்கு ஊற்று ஊறியது. இழுப்பு கனமாக இருந்தது. நெட்டை மரத்தை அறுத்ததைவிட ஆளை அறுத்தது.

வெயில் ஏறும் நேரத்துக்கு ரம்பம் நின்றது.

வரதன் இழுத்தான். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். கீழே கைப்பிடி இறுகியிருந்தது. வரதனுக்குச் சிரிப்பு வந்தது.

"வுடுடா கஸ்மாலம்! இன்னா, இளவரசர் மடியில தூங்கிட்டியா?"

சுற்றிலும் பார்த்தான். துபாஷி இல்லை. சரி, மாப்பிள்ளை கொடுத்த ஓய்வு, வீணாக்குவானேன் என்று தடியின்மேல் குந்தினான். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினான். ஏரிக்காற்று முதுகில் பட்டது. சுகமாக இருந்தது.

"போதும் மாப்ளே. சிரிச்சுடு" என்றான்.

சிரிப்பு வரவில்லை. குனிந்து பார்த்தான். கீழே குழி இல்லை. ஈர மணல் மட்டமாக நிரம்பி, ரம்பம் அதில் நட்டுவைத்தது போல நின்றது. மணல் சரியும்போது சத்தம் போடுவதில்லை.

கையால் தோண்டினார்கள். மண்வெட்டி அவன்மேல் பட்டுவிடும் என்று பயம். மீன் கூடையோடு வந்த கோவிந்தம்மா மீனைக் கொட்டிவிட்டுக் கூடையால் மணலை வாரினாள். வார வார ஓரம் சரிந்தது. தேவகி வந்தபோது அவன் தலை தெரிந்தது. வெளியே எடுத்த பிறகும் அவன் விரல்கள் கைப்பிடியை விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. வரதன்தான் பிரித்தான்.

துரை வராந்தாவின் விளிம்புவரை வந்து துபாஷியிடம் ஏதோ கேட்டார். ரம்பம் வளைந்திருக்கிறதா என்பது கேள்வி.

"துரை அவர்கள் மிகவும் துக்கப்படுகிறார்" என்று துபாஷி மொழிபெயர்த்தார்.

மத்தியானம் தேவகியின் குடிசை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. நிறையத் தேக்குப் பலகை. பெட்டி செய்து அடக்கம் பண்ணத் துரை தயவுடன் அனுப்பியது என்றார் கூட வந்த துபாஷி.

தேவகி பலகையைத் தொட்டுப் பார்த்தாள். ரம்பம் போன தடம் விரலில் தட்டுப்பட்டது.

"ண்ணா, இது யார் அறுத்தது?"

"நாங்கதான்" என்றான் வரதன். "போன வாரம்."

"நேத்து கேட்டப்ப இல்லன்னாங்களே அய்யா. உசுரோட இருக்கறவனுக்கு இல்லாத பலகை செத்தவனுக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்று துபாஷியைப் பார்த்துக் கேட்டாள். "எங்க ஜனத்துக்குப் பெட்டி வழக்கம் இல்ல. எடுத்துக்கினு போங்க. நாளைக்கு எறங்கறவனுக்குக் குழியில முட்டுக் குடுங்க."

துபாஷி வண்டிக்காரனுக்குக் கை காட்டினார். வண்டி திரும்பியது. காலையில் மணலிலிருந்து எடுத்தவனைச் சாயங்காலம் மறுபடியும் மணலுக்கே கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து யாரும் கலையவில்லை. கரையில் ஒருக்களித்துக் கிடந்த படகுகளின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததும் அதே நெட்டை, அதே குழி என்று தொட்டியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோட்டைத் தலைவர் வருகிற நாளை மாற்ற முடியாதாம்.

வரதன் தேவகியின் பக்கம் திரும்பினான். "அவன் உள்ள மூச்சுக்குத் தவிச்சுக்கினு இருக்கான். நான் மேல குந்திக்கினு வெத்தலை கிள்ளிக்கினு இருந்தேன். சிரிச்சேன், தேவகி. சிரிச்சுக்கினே இருந்தேன்."

தேவகி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு உனக்கு மூச்சு வுட நேரம் குடுத்தாருன்னுதானே நெனச்சே. அது தப்பில்லண்ணா. மூச்சைக்கூடத் திருடித்தான் வுடணும்னு நம்மள வெச்சிருக்கான் பாரு, அதான் தப்பு."

காற்று படகுத்துணியைத் தட்டிக்கொண்டிருந்தது. லோகநாதன் பானையை மணலில் வைத்தார்.

"என்னால இதுல கைவிட முடியாது" என்றார். "யார் சோழி வந்தாலும் அது ஒரு பொணம்."

"நாம எறங்கலேன்னா ஆரம்பாக்கத்துலேருந்து ஆளைக் கூட்டியாருவான்" என்றான் பச்சைமுத்து. கல்யாணமாகி வருஷம் திரும்பாதவன். "அடுப்புக்கு இன்னா பண்றது? ஏரியிலயும் ஒண்ணும் இல்லியே."

"ஒண்ணும் இல்லேன்னு இல்லடா, கொஞ்சம் இருக்குது" என்றாள் கோவிந்தம்மா. "கொஞ்சத்துக்குத்தான் பாடு. நெறைய இருந்தா பங்கு எதுக்கு? தேவகிக்கு மொதப் பாடு குடுங்க. மிச்சத்தைப் பார்த்துக்கலாம். பட்டினின்னா எல்லாரும் பட்டினி."

பச்சைமுத்து எழுந்து போய்ப் பானையிலிருந்து தன் சோழியைத் தேடி எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக வரதன்.

விடியும்போது துரை சரிகைக் கோட்டும் உயர்ந்த செருப்புமாக வராந்தாவில் நின்றார். தொட்டி முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துபாஷி பானையைத் தூக்கிக் குலுக்கினார். உள்ளே கைவிட்டுத் துழாவினார். பானை காலி.

"இன்றைக்கு யாருக்குக் குழி?"

"யாருக்கும் இல்ல" என்றார் லோகநாதன். "குட்டையைக் குடுங்க, அறுக்கறோம். நெட்டைதான் வேணும்னா சாரம் கட்டி மேல அறுக்கறோம். குழிக்குள்ள இனிமே ஆள் எறங்க மாட்டான்."

துரை கத்தினார். துபாஷி அதில் வசவுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னார். "இதற்கெல்லாம் தலைவன் யார் என்று துரை கேட்கிறார். அவன் முன்னே வரட்டும்."

தேவகி எழுந்தாள். இடுப்பிலிருந்து ஒரு சோழியை அவிழ்த்துத் துபாஷியின் உள்ளங்கையில் வைத்தாள். அதில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது.

"இவருதான். கூப்பிடுங்க."

துபாஷி கையை மூடவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றார். துரை, "என்ன சொல்கிறாள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் ஆரம்பாக்கத்துப் படகுகள் கரை தட்டின. இவர்கள் இறங்க மறுத்தால் என்ன செய்வது என்று துரை முன்னிரவே ஆள் அனுப்பியிருந்தார். இறங்கியவர்களின் விலா எலும்பும் இவர்களுடையது மாதிரியே தெரிந்தது. முன்னால் வந்தவன் தொட்டியையும், குழியையும், உட்கார்ந்திருந்தவர்களையும், கையில் சோழியோடு நின்ற துபாஷியையும் பார்த்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. யாரும் கெஞ்சவும் இல்லை.

அவன் குழி விளிம்புக்குப் போய்க் குனிந்து, ஒரு பிடி மணலை எடுத்து விரலிடுக்கில் ஒழுகவிட்டான். திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, இறங்க வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

வரதனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் வெறுமனே கிடந்தது. அவ்வளவு நெருக்கத்திலும் அதில் யாரும் உட்காரவில்லை. ஆரம்பாக்கத்தான் அங்கே வந்து நின்றான்.

"இங்க யாருனா இருக்காங்களா நைனா?"

வரதன் அந்த இடத்தைப் பார்த்தான்.

"இருக்கான்" என்றான். பிறகு மறுபக்கம் நகர்ந்து இடம் விட்டான். "நீயும் குந்து."