பெண்கள் கிறிஸ்துமஸ் அன்று தோரணத்தைக் கழற்றியவன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கணப்பின் பக்கம் இடம் இருக்கிறது. எனக்கு இன்றுவரை கோபம் ஆறாத கதை ஒன்றைச் சொல்கிறேன். நடுவில் குரல் உயர்ந்தால் உங்கள் மேல் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தின் கடைசி நாளான ஜனவரி ஆறாம் தேதி எங்கள் ஊரில் பெண்கள் கிறிஸ்துமஸ். அன்று சமையலும் பாத்திரமும் ஆண்கள் பாடு. நாங்கள் மதியமே ஃபின்பாரின் மதுக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவோம். நாங்கள் வீடு திரும்பிய பிறகுதான் சுவரிலிருந்து முள் விளிம்புள்ள ஹாலி இலைத் தோரணத்தைக் கழற்ற வேண்டும். அதுவரை பண்டிகை முடியாது.

என்னோடு மீன் கொட்டகையில் வேலை செய்த கோப்னட், விறைத்த விரல்களை ஊதிக்கொண்டே, "ஆறாந்தேதி பாருங்கடி, உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்று டிசம்பர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கணவன் டொனகாவின் அண்ணன்மார் பாஸ்டனிலிருந்து வந்து இறங்கினார்கள். கிறிஸ்துமஸ் முழுவதும் அவளுக்கு அடுப்படிதான். அதற்கு முந்தின வருடமும் அப்படியே.

அன்று அவளைக் கூப்பிடப் போனேன். உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவர் மொட்டையாக இருந்தது. தோரணம் மூலையில் குப்பையாகக் கிடந்தது.

"காலையிலயே கழட்டிட்டேன் அக்கா," என்றான் டொனகா, காலை நீட்டிக்கொண்டு. "தோரணம் இல்லன்னா பண்டிகை இல்ல. பண்டிகை இல்லன்னா இவளுக்கு லீவும் இல்ல. எப்படி?"

அண்ணன்மார் கைதட்டிச் சிரித்தார்கள்.

கோப்னட் துணியை எடுத்துக் கையில் சுற்றினாள். அடுப்பிலிருந்து பாதி வெந்த வாத்தைத் தட்டோடு இழுத்தாள். துணி சுற்றிய கைகளில் அதை ஏந்திக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மதுக்கடையில் டொனகாவின் அம்மா ஹன்னோராவும் இருந்தாள்.

"ஃபின்பார், இத உன் அடுப்புல வை," என்ற கோப்னட், மாமியாரிடம் திரும்பினாள். "அத்தை, உங்க மகன் தோரணத்தக் கழட்டிட்டாரு. பண்டிகை முடிஞ்சிருச்சாம்."

கடையே ஹன்னோரா பக்கம் திரும்பியது.

சற்று நேரத்தில் டொனகா வாசலில் வந்து நின்றான். அன்று ஃபின்பாரைத் தவிர எந்த ஆணும் உள்ளே கால் வைக்கக் கூடாது. மழை அவன் தலையில் கொட்டியது.

"கோப்னட், வாத்தக் குடுத்துரு. அண்ணனுங்க பசியில இருக்காங்க."

"பாப்பாவுக்குப் பசிக்குதாம்டி!" என்று யாரோ கத்த, கடை முழுக்கச் சிரிப்பு.

ஹன்னோரா சிரிக்கவில்லை. "டேய், பெத்தவ நான் இங்க உக்காந்திருக்கேன். என் பண்டிகையையும் சேத்தா முடிச்சே? உங்கப்பன்கூட இப்படி ஒரு காரியம் பண்ணதில்லடா!"

கோப்னட் வாசலுக்குப் போனாள்.

"வருஷத்துல ஒரு நாள் கேட்டேன். அதையும் குப்பையில போட்டுட்டுச் சிரிச்சே. உருளைக்கிழங்கு மாடிப்படிக்குக் கீழ சாக்குல இருக்கு. அவிச்சுப் போடு. தோரணத்த இருந்த எடத்துலயே மாட்டு. அத எப்ப எறக்கணும்னு நான் சொல்லுவேன்."

"எப்ப வீட்டுக்கு வருவே?"

"வர்றப்ப வருவேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கடை மூடும்வரை அவள் எழுந்திருக்கவே இல்லை. வாத்தில் எலும்புதான் மிஞ்சியது.

தோரணத்தை இறக்கச் சொல்ல அவளுக்கு ஈஸ்டர்வரை மனம் வரவில்லை. டொனகா சாப்பிட உட்காரும்போதெல்லாம் காய்ந்த முள்ளிலை அவன் தட்டில் விழும். பொறுக்கிப் போட்டுவிட்டு, வாய் திறக்காமல் சாப்பிடுவான்.

உங்கள் வீட்டுக் கணப்பு என்றும் கனன்றுகொண்டிருக்கட்டும், கண்ணுகளா. கேட்காமலே பாத்திரம் கழுவும் கைகள் உங்கள் வீட்டில் பெருகட்டும்.