கண் திறக்கச் சொன்ன படம்

ஸ்ரீபெரும்புதூர் பஜார்ல ஸ்டுடியோ வச்சிருந்த ஜெபகுமாருக்கு அந்த வருசம் புத்தி கெட்டுப்போச்சு, வேறென்னத்தச் சொல்ல! தொண்ணூத்தொண்ணு மே மாசம் குண்டு வெடிச்சதுலேருந்து ஊர் பூரா வெளியூர் காமிராக்காரங்க. அவங்க எடுத்ததைப் பத்திரிகையில பார்த்துப் பார்த்து மனுசன் சொக்கிப்போனான். ஒரு படத்துல ஒரு பொம்பளையோட பாதி முகம் வெளிச்சத்துல, பாதி இருட்டுல. அவ அழவே இல்ல, பார்க்கிறவன்தான் அழுவான். 'இத்தினி வருசமா எல்லாரையும் நேரா நிக்கவச்சு மூஞ்சியில ஃப்ளாஷ் அடிச்சுக்கினு இருந்தேனே, நானும் ஒரு போட்டோகிராபரா'ன்னு தன்னையே திட்டிக்கினான்.

ஆடி மாசம் வடக்குப்பட்டுலேருந்து ஆள் வந்துது. மீனம்மாளோட ஒரே பொண்ணு சசிரேகா, பதினோரு வயசு, மஞ்சக்காமாலையில போயிட்டா. பொணத்தை எடுக்கிறதுக்கு முன்ன ஒரு போட்டோ வேணுமாம்.

நம்ம பக்கம் அது வழக்கந்தான். செத்தவங்களைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில சாய்ச்சு உக்காரவச்சு ஒரு படம். அப்புறம் ஸ்டுடியோக்காரன் மெல்லிசு பிரஷால மூடின கண்ணைத் திறந்து வரைஞ்சிடுவான். உசுரோட எடுத்த படம் மாதிரி சுவத்துல மாட்டிக்கலாம். ஜெபகுமார் கண் திறந்தா பொணம் பேசும்னு சுத்துப்பட்டுல பேரு.

அன்னிக்கு அவன் ஃப்ளாஷைப் பையை விட்டே எடுக்கல. கதவோரம் வெயில் சாய்வா விழுந்துது. பொண்ணைச் சாய்ச்சு வச்சிருந்த நாற்காலியை உள்ள இருட்டுப் பக்கம் தள்ளி, மீனம்மாளை மட்டும் அந்த வெளிச்சத்துல உக்காரவச்சான். அவ கை நாற்காலியைப் பிடிச்சிருந்துது.

"இருட்டா கீதே சார், லைட்டு அடிக்கலியா?"ன்னு மீனம்மாளோட அண்ணன் நாகப்பன் கேட்டான்.

"எனக்குத் தெரியும்பா, நீ தள்ளிக்க."

மூணு தடவை அமுக்கினான். மூணும் ஒரே மாதிரி.

டார்க் ரூம்ல மருந்துத் தண்ணிக்குள்ள காகிதத்தை ஆட்டினான். முதல்ல மாலை வந்துது. அப்புறம் அந்தக் கை. அப்புறம் மீனம்மாளோட முகம், ஒவ்வொரு ரேகையும் வந்துது. ஜெபகுமார் அங்கியே நின்னு அழுதுட்டான். வாழ்க்கையில இப்படி ஒண்ணு எடுத்ததில்ல. கண்ணைத் துடைச்சிக்கினு பார்த்தா, மாலைக்கு மேல வெறும் கறுப்பு. வெளிய வந்து நெகட்டிவை ஜன்னல்ல பிடிச்சுப் பார்த்தான். முகம் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்ல. மூணுலயும் இல்ல.

அன்னிலேருந்து டார்க் ரூம் கதவைச் சாத்தினாலே முதுகுக்குப் பின்னால நாற்காலி போட்டு யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். மாலை வாசனைகூட வரும். திரும்பிப் பார்க்க மாட்டான். பயந்துட்டான், அதை மறைக்க என்ன இருக்கு?

மெட்ராஸ் பத்திரிகைக்காரன் ஒருத்தன் படத்தைப் பார்த்துட்டு, "துக்கம்னா இதான் சார்!"னு கையைப் பிடிச்சுக் குலுக்கினான். ஜெபகுமாருக்கு அப்பவும் உள்ளுக்குள்ள இனிச்சுது, பாவி.

காரியத்துக்கு முந்தின நாள் காலையில மீனம்மாள் வந்தா.

"கண்ணைத் தொறந்துட்டியாண்ணா?"

படத்தைக் கொடுத்தான். அவ முன்னப் பின்ன திருப்பிப் பார்த்தா.

"இது நானு. எம் பொண்ணு எங்க?"

"இல்லம்மா... உன் துக்கம் தெரியணும்னு அப்படி எடுத்தேன்."

"எந் துக்கம் எனக்குத் தெரியாதா? அதுக்குப் போட்டோ இன்னாத்துக்கு?"

ஜெபகுமார் மத்த ரெண்டு படத்தையும் எடுத்து நீட்டினான்.

"வேற படமே இல்லண்ணா. இஸ்கூல்ல குரூப் போட்டோ எடுத்த அன்னிக்கு அவளுக்கு ஜொரம்." முந்தானையால படத்தைத் துடைச்சா, கறுப்பு போயிடும்போல. "சரி வுடு. நீ வரைஞ்சிடு. எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி, அன்னிக்கு நான் எங்க சரியா பார்த்தேன்? நீதான் அவ்ளோ நேரம் காமிரா வழியா பார்த்துக்கினே இருந்தியே."

ஜெபகுமார் வெள்ளை மையைத் தொட்டான். பிரஷைக் கறுப்புக்கு மேல கொண்டுபோனான். கண்ணை மூடி யோசிச்சான். கதவோரத்து வெயில் வந்துது. மீனம்மாளோட விரல் வந்துது. மாலையில எத்தினி பூவுன்னுகூடச் சொல்லியிருப்பான். மூக்கு எப்படி, நெத்தி எப்படி? ஒண்ணும் வரல. பிரஷைக் கீழ வச்சான்.

"அம்மா, நான் அவளைப் பார்க்கலம்மா."

மீனம்மாள் கத்தல, திட்டல. அவன் முகத்தையே பார்த்துக்கினு மெதுவா கேட்டா.

"அப்ப யாருதாண்ணா பார்த்தது?"