அறுபதாவது முதுகு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பிறந்தது. உள்ளே குப்புறப் படுத்திருந்தவள் என் அக்கா. ‘மரணம் கதவருகே நின்று’ என்று முதல் வரியைத் தொடங்கினேன், பிறகு

(வேண்டாம். அக்கா படித்தால் உதைப்பாள்.)

2

கதாநாயகி மயக்க மருந்து டாக்டர். முதுகெலும்பைத் திறக்கும்போது ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்பது அவர் வேலை. இறக்காவிட்டால் ரத்தம் கசிந்து நரம்பே தெரியாது. அதிகம் இறக்கினால் மூளைக்கு ஆபத்து. அதற்குப் பழைய மருந்து ஒன்று, புதியது ஒன்று. (பெயர்கள் என் வாயில் நுழையவில்லை.) எது மேல் என்று பார்க்க, அறுபது பேரிடம் சம்மதம் வாங்கி, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார். யாருக்கு எது என்பது மருந்தாளுநருக்கு மட்டும்தான் தெரியும்; பட்டியலை ஓர் உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

ரத்தக்கசிவுக்கு சர்ஜன் மார்க் போட்டார். ஐம்பத்தொன்பது பேர் முடிந்தும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க்.

“எல்லாம் ஒண்ணுதாம்மா. பழசே போதும். ஆராய்ச்சிய மூட்டை கட்டுங்க.”

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிலர் பத்து நிமிடத்தில் கண் விழித்தார்கள், சிலருக்கு அரை மணி ஆனது. சர்ஜனுக்கு அது எப்படித் தெரியும்? தையல் முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போகிறவர் அவர். ஆஸ்பத்திரியில் புது மருந்து வாங்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே.

3

(சர்ஜனை முதலில் வில்லனாக்கினேன். அக்காவின் முதுகைத் திறந்த கை அது. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

அறுபதாவது ஆள் அக்கா. தையல் முடிந்தது.

“சார், இன்னைக்கு மட்டும் டீயைத் தள்ளிப் போடுங்க.”

“எதுக்கும்மா? என் வேலை முடிஞ்சுதே.”

“என் வேலை முடியல. ஒரு தடவை நின்னு பாருங்க.”

கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்காவை மல்லாக்கத் திருப்பி மருந்தை நிறுத்தினார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இவள் அரை மணி தூங்கினால் இரண்டு வருட உழைப்பும் போச்சு.

எட்டாவது நிமிடம் டாக்டர் அக்காவின் காதருகே குனிந்தார். “அம்மா, கால் விரல ஆட்டுங்க.”

இரண்டு காலும் ஆடின. தொண்டைக் குழாயை எடுத்ததும் அக்கா கரகரத்தாள்: “போதுமா, இன்னும் ஆட்டணுமா?”

சர்ஜன் வாய்விட்டுச் சிரித்தார். “இருபது வருஷமா நான் போனப்புறம்தான் இதெல்லாம் நடக்குதா?”

உறையைப் பிரித்தார்கள். சீக்கிரம் விழித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் புது மருந்து. டாக்டர் அழுதேவிட்டார். சர்ஜன் பேனா கேட்டார்.

4

சோகமாக இரண்டு முடிவுகள் கைவசம் வைத்திருந்தேன். ஒன்றில் ஊசி மாறிவிடுகிறது. இன்னொன்றில் அக்கா

இதோ, மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாள், கைப்பிடியைத் தொடாமல். பிடித்துக்கொண்டு ஏறு என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நான் போய் அதட்ட வேண்டும். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சோகமாக எழுதினால் அவளிடம் நீங்களே காட்டுங்கள்.