திங்கட்கிழமைக்கு ஒரு வண்டி

என் கணவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தால் முட்டி ஆடும், மேசை ஆடும், டம்ளரில் தண்ணீர் ஆடும். ஒரு பெரிய கடை வளாகத்தின் கண்காணிப்பு அறையில் அவருக்கு வேலை. சுவர் முழுக்கத் திரைகள். ஊரார் ஏறுவதையும் இறங்குவதையும் சண்டை போடுவதையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நாள் பூராவும் பார்க்க வேண்டும். மற்றவர்கள் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கால் பரபரக்காது?

அந்தப் பரபரப்பெல்லாம் கடைசியில் எங்கள் வண்டியின் தலையில் விடிந்தது.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஜீப். வாரநாட்களில் அது என் கையில். நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, புறவழிச்சாலையைப் பிடித்து வேலைக்குப் போவேன். அவருக்கு ஆபீஸ் வேன் வரும். சனியும் ஞாயிறும் வண்டி அவருடையது. ஒரு வம்பும் இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது, கேப்டன் வந்து சேரும்வரை.

கேப்டன் டைல்ஸ் கடைக்காரர். கப்பலைப் படத்தில்தான் பார்த்திருப்பார். ஜீப் வைத்திருக்கிற ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, சாலையே இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டப்போகிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, குனிந்து அடியில் எட்டிப் பார்த்து, "பரவால்ல, காய்கறி வாங்கப் போக நல்லா இருக்கும்" என்றாராம். அன்றோடு இவருடைய தூக்கம் போயிற்று.

முதலில் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை உயர்த்தினார். உயர்த்தியதும் டயர் சின்னதாகத் தெரிந்தது. பெரிய டயர் போட்டார், அது வளைவில் மட்கார்டை இடித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நல்ல மட்கார்டின் ஓரத்தை அறுத்துத் தள்ளினார். அப்புறம் மழை பெய்தபோது சேறு பூராவும் கதவில் அடித்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது, அதைச் சரிசெய்ய அடுத்த சனிக்கிழமை தயாராகக் காத்திருந்தது. முன்னால் இரும்பு பம்பர், அதில் சேற்றிலிருந்து வண்டியை இழுக்க வின்ச், அடிவயிற்றுக்குக் கனமான தகடு. வீட்டில் குழாய் ஒழுகுவதைச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

எனக்கோ திங்கட்கிழமைதோறும் வேறொரு வண்டி கிடைத்தது. ஸ்டீயரிங் பிடியில் நிற்காமல் அலைந்தது. பிரேக்கை முன்னைவிடச் சீக்கிரமே மிதிக்க வேண்டியிருந்தது. மருத்துவமனையின் கூரை போட்ட நிறுத்தத்தில் உயரம் இடித்து, வெயிலில் நிறுத்த ஆரம்பித்தேன். "மேடம், எப்ப ராணுவத்துல சேர்ந்தீங்க?" என்று காவலாளி சல்யூட் வைத்தார். சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

ஒருநாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"ஏங்க, நீங்க என்ன வேணாலும் மாட்டுங்க, கழட்டுங்க. திங்கக்கிழமை காலைல எனக்கு ஒரு வண்டி வேணும். உங்க பொண்ணை உட்கார வச்சு ஓட்டுற மாதிரி வேணும். அவ்வளவுதான்."

"அதுக்கு நான் கேரன்ட்டி" என்றார். நெஞ்சில் கைவைத்துத்தான் சொன்னார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார், அதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

மலைப்பாதைப் பயணம் நெருங்கியது. கேப்டன் கண்டபேரையும் அதற்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார். வறண்ட ஓடையில் பாறை பாறையாகக் கிடக்கும் ஓர் இடத்தில் வண்டியை ஏற்றிக்காட்ட வேண்டும். இவர் அந்த ஞாயிறுக்காக வாரம் முழுக்கக் குட்டி போட்ட பூனையாக அலைந்தார். போய், பொழுது சாய்ந்து திரும்பினார். உடம்பெல்லாம் சேறு, முகமெல்லாம் பல். "ஏத்திட்டேன்! ஒரே மூச்சுல ஏத்திட்டேன்!" என்று மகளைத் தூக்கிச் சுற்றினார். குளித்துவிட்டுக் கட்டிலில் விழுந்தவர் விழுந்தவர்தான்.

மறுநாள் காலை, உடன் வேலைசெய்பவள் வரவில்லை என்று என்னைச் சீக்கிரம் கூப்பிட்டார்கள். அவர் குறட்டையைக் கலைக்க மனமில்லை. மகளைக் கிளப்பிக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணி முடிச்சுப் போட்டுக் கிடந்தது. சேற்றுக்கையைத் துடைத்துவிட்டு அங்கேயே கட்டிவைத்திருக்கிறார், இந்த மனுஷனுக்கு எதையும் எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தேன். அதாலேயே கண்ணாடியைத் துடைத்துப் பின்னால் வீசினேன்.

தெருவுக்குள் வண்டி கொஞ்சம் மெத்தென்று போனது. இந்த வாரம் என்னத்தை மாற்றினாரோ என்று நினைத்துக்கொண்டேன். மாறிக்கொண்டே இருக்கிற வண்டியில் எது மாற்றம், எது கோளாறு என்று எனக்கு எப்படித் தெரியும்?

புறவழிச்சாலை வளைவில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தேன். வண்டி சாய்ந்தது. சாய்ந்து நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை, இன்னும் சாய்ந்தது. மகளின் பை, தண்ணீர் பாட்டில், என் கைப்பை எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்தன. "அம்மா!" என்ற சத்தம் மட்டும் காதில் விழுந்தது. பிறகு தடாலென்று நான்கு சக்கரமும் தரையில் விழ, ஓரத்து மண்ணில் ஏறி நின்றேன். பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி ஓடிவந்து, "ஒரு பக்கச் சக்கரம் ரெண்டும் தூக்கிடுச்சும்மா, கவுந்துடும்னே நெனச்சேன்" என்றார். மகள் என் இடுப்பைப் பிடித்தவள் விடவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் போன் செய்ததும் என் கணவர் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தார். மகளின் தலை, தோள், கை என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்னையும் அப்படியே பார்த்தார். பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் மாறிப்போனது.

"துணி எங்க?"

"எந்தத் துணி?"

"சிவப்புத் துணி. ஸ்டீயரிங்ல கட்டியிருந்தேனே!"

சாலையோரத்தில் நின்றுகொண்டுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பி இணைத்திருக்கிறது. வளைவில் வண்டியைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். பாறையில் ஏறும்போது சக்கரங்கள் மேலும் கீழும் தாராளமாக ஆட வேண்டும் என்று அதைக் கழற்றிவிடுவார்கள், டயரில் காற்றையும் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். சாலைக்கு வருமுன் மறுபடி மாட்ட வேண்டும், காற்றடிக்க வேண்டும். மாட்டாத வண்டி என்பதற்கு அடையாளம் ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி. அவர்கள் கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியுமாம். இருட்டிவிட்டதால் மெதுவாக உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவர், காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று துணியைக் கட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

மகளை என் தங்கை வந்து அழைத்துப்போனாள். மெக்கானிக் வண்டியை மெல்லத் தன் பட்டறைக்கு ஓட்டிவந்தார். கம்பியை மாட்ட அவர் கீழே குனிந்தபோது இவர் விடவில்லை. சட்டையோடு தானே வண்டிக்கு அடியில் புகுந்து மாட்டினார். நான் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். கேப்டனும் கூட்டத்தில் இரண்டு பேரும் செய்தி கேட்டு வந்து நின்றார்கள்.

"துணி கட்டினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றார் கேப்டன்.

"கட்டினேன்."

"அப்ப உன் மேல தப்பே இல்ல. சிஸ்டர் தெரியாம எடுத்துட்டாங்க. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. விடு. சனிக்கிழமை மலைல என் வண்டிக்குப் பின்னாடி உன் வண்டிதான்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். விசாரணை முடிந்துவிட்டது. காலையில் பிள்ளையோடு செத்துப்பிழைத்த நான் குற்றவாளி. எனக்குக் கேப்டன்மேல் கோபம் வரவில்லை, அவர் யாரோ. வண்டிக்கு அடியிலிருந்து வரப்போகிற பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். 'ஆமாம் கேப்டன்' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், அந்த வீட்டில் நான் இருந்திருப்பேன், அவரோடு இருந்திருக்க மாட்டேன்.

அவர் வெளியே நகர்ந்து வந்து எழுந்து நின்றார். கன்னத்தில் கிரீஸ்.

"இல்ல கேப்டன். அந்தத் துணியை நான் எனக்குத்தான் கட்டினேன். காலைல இவ ஓட்டுவான்னு எனக்கு ஞாபகமே வரல."

"அலுப்புல மறந்திருப்ப."

"அலுப்பு இல்ல. மறக்கவும் இல்ல. நெனச்சாத்தானே மறக்கிறதுக்கு? என் மண்டைல சனிக்கிழமை மட்டும்தான் இருந்தது."

அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கோபத்தோடு போயிருக்கும். உண்மையைச் சொன்னதால் அத்தனை பேர் முன்னாலும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆறுதலாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. எந்த அழுகை எதற்கென்று எனக்கே தெரியவில்லை. கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக் கிளம்பினார். சனிக்கிழமையைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்தார். அவர் பழக்கத்தில் ஓட்டுநர் பக்கம் போய், நின்று, சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் வந்து ஏறினார்.

வீட்டுக்குக் குறுக்கு வழி இருந்தது. வேண்டுமென்றேதான் புறவழிச்சாலையைப் பிடித்தேன். வண்டி இப்போது இறுக்கமாக, சொன்னபடி கேட்டது. அந்த வளைவு தெரிந்ததும் அவர் மேல்கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கைத் தேடி அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

"மெதுவா போ."

"எதுக்கு? கம்பியெல்லாம் மாட்டியாச்சுல்ல. நீங்கதானே மாட்டுனீங்க?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதனாலதான் பயமா இருக்கு."