குழுவில் ஒரு குடிகாரர்

மது, போதைப் பழக்கத்தைக் கையாள மண்டலத்துக்கென்று தனியாக ஒரு வியூகம் வகுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்தக் கோப்பு யார் மேசைக்குப் போகும் என்பதில் சுகாதார அலுவலகத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. பிரிவு எழுத்தராக இருந்த அவள், பதினான்கு வருடங்களில் கொசு, தெருநாய், நெகிழிப்பை என்று எல்லாவற்றுக்கும் வியூகம் எழுதியவள். கொசு அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுபவள் என்று பெயர் வாங்கியிருந்தாள்.

விதிமுறைப்படி குழுவில் ஏழு பேர் இருக்க வேண்டும். ஆறு பேர் சுலபமாகக் கிடைத்துவிட்டார்கள். தலைவராக மண்டல அதிகாரி, அப்புறம் ஒரு டாக்டர், போலீஸ் அதிகாரி, தலைமையாசிரியை, மதுக்கடைகளுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரி, சட்ட ஆலோசகர். ஏழாவது இடத்தில்தான் வண்டி நின்றது. 'தற்போது குடிப்பழக்கத்தில் இருப்பவர் ஒருவர்' என்று போட்டிருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் ஓர் அத்தியாயமும் நிறைவேறாது.

விளம்பரம் கொடுத்தார்கள். சாயங்காலமானால் ஊரில் எந்த மதுக்கடையிலும் நிற்க இடமிருக்காது. ஆனால் வந்த விண்ணப்பங்கள் மூன்றே மூன்று. அந்த மூன்று பேரும் நேர்காணலில், வாழ்நாளில் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஏதோ அரசாங்க வேலை என்று நினைத்துவிட்டார்கள்.

அவள் வீட்டு மாடியறையில் ஒருவர் இருந்தார். அவளுடைய அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். தொழிலில் கெட்டிக்காரர்தான். நான்கு வருடங்களுக்கு முன் குடி பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தவர் அங்கேயே தூங்கிப்போனார். லிஃப்டும் அவரைச் சுமந்துகொண்டு பொழுதுசாயும்வரை மேலும் கீழும் போய்வந்தது. அதற்குப் பிறகு கம்பெனி அவரை உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டது. அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, ஒரு கமிட்டில உன்னைப் போடலாம்னு இருக்கேன்."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"அங்க யாருக்கும் தெரியாதது உனக்குத் தெரியும்."

விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"குடிக்கிறவன்னு போட்டு அட்டை குடுப்பாங்களா?"

"ஃபோட்டோவோட."

"நாலு வருஷமா எல்லாரும் வாயாலதான் சொல்றாங்க. எழுத்துல வந்தா ஒரு மரியாதைதானே."

உறவினரை நியமிக்கலாமா என்று சட்ட ஆலோசகர் இரண்டு வாரம் ஆராய்ந்தார். குடிகாரர் என்பது பதவியல்ல, நிலைமை. ஆகவே தடையில்லை என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

முதல் மூன்று கூட்டங்கள் 'ஒழிப்பு' என்று போடுவதா 'குறைப்பு' என்று போடுவதா என்பதிலேயே போயின. நான்காம் கூட்டத்தில் டாக்டர் ஒரு பெரிய வரைபடத்தைச் சுவரில் மாட்டி, சிவப்புக் குண்டூசிகளைக் குத்தி வைத்திருந்தார். அண்ணன் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

"இதெல்லாம் விக்கிற இடம் சார். குடிக்கிற இடம் வேற."

ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இடம் மாற்றினார். பஸ் நிலையத்தின் பின்பக்கம், மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடம், விளையாட்டு மைதானத்தின் தண்ணீர்த் தொட்டி. ஒரு மருந்துக்கடை வாசலில் இரண்டு ஊசி குத்தினார். "இங்க இருமல் மருந்து வாங்குறவன் எவனும் இருமுறதில்ல." கடைசி ஊசியை அவர்கள் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் ஜெனரேட்டர் அறைமேலேயே குத்தினார். அதைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

"நீங்க எதனால குடிக்கிறீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"வேலைக்குப் போறதுக்கு முன்னாலயா, வந்த பின்னாலயா மேடம்? ரெண்டுக்கும் பதில் வேற வேற."

தலைமையாசிரியை இரண்டையும் எழுதிக்கொண்டார். அதன்பின் அந்த மேசையில் எல்லோரும் அண்ணனைப் பார்த்தே பேசினார்கள். அவரைக் கேட்டு யாராவது ஒன்றை எழுதிக்கொள்வது நான்கு வருடத்தில் முதல் தடவை. அவர் வரைவுத் தாள்களை மாடியறைக்கு எடுத்துப்போய் ஓரத்தில் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தார்.

ஆறு அத்தியாயம் முடிந்திருந்தது. ஒரு காலையில், 'குடிப்பவர் மனது வைத்தால் நிறுத்தலாம்' என்ற வரிக்குப் பக்கத்தில் 'பொய்' என்று எழுதியிருந்ததை அவள் பார்த்தாள்.

"இது எப்படிண்ணே பொய்?"

"மூணு வாரமா நிறுத்திப் பாக்குறேன்ல. மனசு வச்சா முடியல. மனசை வேற எதுலயாவது வச்சாத்தான் முடியுது."

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாயை மூடும்போது ஏழாவது இடம் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, "அண்ணே, இதை வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். அவர் குடித்ததைத்தான் இத்தனை வருடம் மறைத்திருக்கிறாள். குடிக்காததை மறைப்பது இதுவே முதல் முறை.

அண்ணன் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் வருகைப் பதிவேட்டில் 'நிலை: குடிக்கிறார்' என்ற கட்டத்துக்கு எதிரே கையெழுத்துப் போட மறுத்து, காரணத்தையும் சொல்லிவிட்டார்.

டாக்டர் எழுந்து கை குலுக்கினார். உரிம அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ மூணு வாரமா நாம நிறைவேத்துன ரெண்டு அத்தியாயமும் செல்லாதே!"

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்யா, இன்னும் ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?"

அன்றைக்கே நோட்டீஸ் போனது. 'முன் அனுமதி பெறாமல் குடிப்பழக்கத்தை நிறுத்தியதற்காகத் தங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' தட்டச்சு செய்தவள் தங்கை. மாடியறைக்குக் கொண்டுபோய் ஒப்புகைக் கையெழுத்து வாங்கியவளும் அவளே. அண்ணன் அங்கேயே பதில் எழுதிக் கொடுத்தார். 'பழக்கம் வரும்போது என்னைக் கேட்டு வரவில்லை. நிறுத்தும்போது உங்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மன்னிக்கவும்.'

விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று முடிவானது. அடுத்த கூட்டத்துக்கு உரிம அதிகாரி, தன் அலுவலகத்தில் மாதிரிக்கு வைத்திருந்த சீல் வைத்த பாட்டில் ஒன்றையும் ஒரு ஸ்பூனையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"கையெழுத்துக்கு முன்னால ஒரே ஒரு ஸ்பூன். சம்பிரதாயத்துக்கு. டாக்டர் பக்கத்துலயே இருக்காரு."

"நான் வைத்தியம் பாக்க வந்தவன்யா!" என்று டாக்டர் கத்தினார்.

"ஒரு மண்டலத்தோட எதிர்காலம் டாக்டர்" என்றார் தலைவர். போலீஸ் அதிகாரி சீலை உடைத்தார்.

வாடை அறை முழுக்கப் பரவியது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்த அண்ணனின் விரல்கள் வெளுத்துப்போயிருந்ததை அவள் பார்த்தாள். குறிப்பெடுப்பவர் கூட்டத்தில் பேசும் வழக்கம் கிடையாது. அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"சார், இவரு நிறுத்திட்டாருங்கிறதுக்குச் சான்றிதழ் எங்க?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"விதி ஒன்பதுப்படி மறுவாழ்வு மையம் சான்றிதழ் குடுத்தாத்தான் நிறுத்தினதா அர்த்தம். நம்ம மண்டலத்துல மையமே இல்ல. அதைத் தொடங்கணும்னு ஏழாம் அத்தியாயத்துலதான் எழுதியிருக்கோம். அதுக்கே இவரு இன்னும் கையெழுத்துப் போடல."

சட்ட ஆலோசகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"சட்டப்படி இவர் முழுக் குடிகாரர்!"

அறையில் கைதட்டல் எழுந்தது. போலீஸ் அதிகாரி அண்ணனின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தச் சந்தடியில் அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு கைகழுவும் இடத்துக்குப் போய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள். "அது சாம்பிள்மா!" என்று உரிம அதிகாரி அலறியதை யாரும் சட்டை செய்யவில்லை. அண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் வியூகம் அச்சாகி வந்தது. பின்னிணைப்பில் அண்ணனின் படமும், கீழே 'தற்போது குடிப்பவர்' என்ற வரியும் இருந்தன. அண்ணி ஃபோனில் பொரிந்து தள்ளினாள்.

"நிறுத்திட்டாருன்னு நீ சொல்றே. அரசாங்கமே இல்லேங்குதே!"

"அதை நம்பாதீங்க அண்ணி. அதை எழுதினதே நான்தான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி நேரில் வந்தாள். மாடியறையில் அரைமணி நேரம் இருந்தாள். போகும்போது, "அடுத்த வாரம் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

இதற்கிடையில் பக்கத்து மண்டலத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர்களுக்கும் ஏழாவது ஆள் கிடைக்கவில்லையாம்; முறைப்படி அங்கீகாரம் பெற்ற குடிகாரர் ஒருவர் இங்கே இருப்பதாக அறிந்தார்களாம். இரண்டு நாள் அனுப்பி உதவ முடியுமா என்று கேட்டிருந்தார்கள். தலைவர் பெருமையோடு சம்மதித்தார்.

அவள் பஸ் ஏற்றிவிடப் போனாள். தெரியாத ஊர், தனி அறை, இரண்டு சாயங்காலம். ஜன்னலுக்குக் கீழே நின்று, "போனதும் ஃபோன் பண்ணு" என்றாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"என்னண்ணே, கூட்டம் எப்படி?"

"அது நாளைக்குத்தான். ரூம்ல இருக்கேன். எதிர்த்தாப்புலயே ஒரு கடை இருக்கும்மா." குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "ஒண்ணும் இல்ல. நீ சும்மா ஏதாவது பேசிக்கிட்டிரு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய துணி துவைக்கும் இயந்திரம் அறையைவிட்டுத் தானாக நடந்து வெளியே வந்த கதையில் ஆரம்பித்தாள். அது முடிந்ததும் வேறொன்று சொன்னாள். நடுநடுவே "ம்... அப்புறம்?" என்று கேட்டது. எதிர்க் கடையில் ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் அவர் ஃபோன் வழியாகக் கேட்கும்வரை அவள் நிறுத்தவில்லை.