முந்நூறு விரிப்புக்கு ஒரு வெயில்

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். லாண்டரிக்காரியின் கடைக்குப் பின்னால் இருந்த டீசல் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தால் அலமாரியில் மடித்து வைத்த சட்டைகூட நடுங்கும். கடை திறந்த வருஷம் அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது அது. அதனாலேயே அவள் கணவர் அதற்கு ‘மாமனார்’ என்று பெயர் வைத்துவிட்டார். “மாமனாருக்கு ஊத்தியாச்சா?” “மாமனார் இன்னைக்கு ரொம்ப இருமுறாரு.” “எழுப்பப் போறேன், கொஞ்சம் தள்ளி நில்லு.” இப்படியே பதினாறு வருஷம். நிஜ மாமனார் வேறொரு ஊரில் கைவீசி நடந்துகொண்டிருந்தார். தன் பெயரைச் சொல்லி ஒருவர் இங்கே குடித்துக் குடித்துப் புகை விடுவது அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், பாவம்.

முன்பெல்லாம் தெருவில் கரண்ட் போனால் அரை மணியில் வந்துவிடும். இந்த வருஷமோ காலையில் போனது சாயங்காலம்தான் எட்டிப் பார்த்தது. மாமனாருக்கு முழுநேர வேலை. வயதான எஞ்சின், மூச்சு வாங்கியது. சுவரோரமாக மொட்டைமாடி உயரத்துக்கு ஏறும் அதன் குழாய் கரும்புகையைக் கக்கியது. மொட்டைமாடியில்தான் துவைத்த துணியெல்லாம் காயும். பிறகு என்ன ஆகும் என்று நான் சொல்லவா வேண்டும்?

பிரசவ ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் ஒரு சனிக்கிழமை தானே வண்டியில் வந்து இறங்கினார். கையோடு ஒரு மூட்டை. மேஜைமேல் விரிப்பு ஒன்றை உதறிப் போட்டார். வெள்ளைத் துணி முழுக்கப் பொடிப்பொடியாய்க் கரும்புள்ளி.

“இது என்னம்மா, விரிப்பா, காடை முட்டையா? புள்ளி புள்ளியா இருக்கு?”

“ரெண்டு தரம் துவைச்சேன் சிஸ்டர். கரி போக மாட்டேங்குது.”

“பொறந்து ஒரு மணி நேரம் ஆன பிள்ளை கன்னத்தை வைச்சுப் படுக்கிற துணி. இதுல கரியா? வர்ற வெள்ளிக்கிழமை முந்நூறு விரிப்பு வேணும். நாலு மணிக்கு நானே வந்து பார்ப்பேன். ஒரு புள்ளி இருந்தாலும் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற லாண்டரிக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படாதே.”

நர்ஸ் போனபின் லாண்டரிக்காரிக்குக் கை ஓடவில்லை. கடைக்கு வருகிற துணியில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரித் துணிதான். அது போனால் மீதி சட்டையையும் பாவாடையையும் வைத்துக்கொண்டு கடையை எப்படி ஓட்டுவது?

அன்று சாயங்காலமே அவளுடைய நாத்தனார் வந்தாள். எலக்ட்ரீசியன் வேலை. கூரைகளில் சோலார் பேனல் மாட்டுகிறவள். இடுப்பில் ஸ்குரூ டிரைவரும் வாயில் கேலியும் எப்போதும் தயாராக இருக்கும்.

“அண்ணே, உன் மாமனாருக்கு ரிட்டையர்மென்ட் கொடுத்துடு” என்றாள் நுழையும்போதே. “பழைய பள்ளிக்கூடம் ஒண்ணை இடிக்கிறாங்க. அதுலேர்ந்து கழட்டின பேனல் பன்னிரண்டு இருக்கு. புதன்கிழமைக்குள்ள மாட்டித் தர்றேன்.”

“எதுக்கு? டீசல் என்ன தீர்ந்தா போச்சு? நேத்தும் கிடைச்சது, இன்னைக்கும் கிடைக்குது.”

“உக்காந்து தின்னா மலையும் கரையும்னு சின்ன வயசுல என்னைத் திட்டினது யாரு? மலையா கிடக்கும்போது கரையறது தெரியாது அண்ணே. மண்ணுக்கு அடியில கோடிக்கணக்கான வருஷமா மக்கிச் சேர்ந்ததை நீ ஒரே காலையில புகையா ஊதித் தள்ளுற. மறுபடி சேரணும்னா இன்னும் அத்தனை வருஷம் காத்திருக்கணும். சாப்பாடு அஞ்சு நிமிஷம் லேட்டானாலே மூஞ்சியைத் தூக்குற ஆளு நீ.”

“வெயில் மட்டும் தீராதா?”

“அது இறைக்க இறைக்க ஊறுற கிணறு. ஆனா ஊறுற நேரத்துலதான் இறைக்கணும். காலையில ஒன்பதுலேர்ந்து மூணு வரைக்கும் மிஷினை ஓட்டு. அதுக்கப்புறம் காலை நீட்டி உக்காரு.”

“உன் பேனல் மட்டும் மரத்துல காய்ச்சு விழுந்ததா?”

“இல்லைதான். அதுக்கும் மண்ணைத் தோண்டித்தான் ஆகணும், உருக்கித்தான் ஆகணும். நான் இல்லைன்னு சொல்லலையே! ஆனா ஒரு தடவை தோண்டினா வருஷக்கணக்கா உழைக்கும். உன் மாமனாருக்குத் தினமும் இல்ல தோண்டணும்?”

லாண்டரிக்காரி நடுவில் புகுந்தாள். “அண்ணனும் தங்கச்சியும் அப்புறம் சண்டை போடுங்க. எனக்கு வெள்ளிக்கிழமை முந்நூறு விரிப்பு வெள்ளையா வேணும். மாட்டும்மா நீ.”

புதன்கிழமை சொன்னபடி மொட்டைமாடியில் பாதி இடத்தைப் பேனல்கள் பிடித்துக்கொண்டன. வியாழக்கிழமை சோதனை ஓட்டம். இரண்டு துவைக்கும் மிஷினும் புகையில்லாமல் சத்தமில்லாமல் ஓடின. கணவர் பக்கத்தில் நின்று, ஏதாவது கெட்டுப்போகாதா என்கிற முகத்தோடு பார்த்தார். எதுவும் கெடவில்லை.

அன்று மூன்று மணிக்கு மிஷினெல்லாம் நின்றபின், லாண்டரிக்காரி ஈரத் தலையணை உறைகளோடு மாடிக்குப் போனாள். கொடியில் இடம் இல்லை. பேனல்மேல் கையை வைத்துப் பார்த்தாள். வழவழவென்று கண்ணாடி, இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடு. துணிக்காரி சும்மா இருப்பாளா? ஒரு உறையை அதன்மேல் விரித்து உள்ளங்கையால் நீவிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எடுத்தால் மொறுமொறுவென்று காய்ந்து, ஒரு சுருக்கம் இல்லாமல், இஸ்திரி போட்டதுபோல வந்தது. அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தொழில் ரகசியம் இல்லையா?

வெள்ளிக்கிழமை விடிந்தது. நல்ல வெயில். பதினொரு மணிக்குள் நூற்று இருபது விரிப்புகள் துவைத்தாகிவிட்டன. பாதி மாடியில் கட்டிய கொடிகளில் எண்பது தொங்கின. மீதி நாற்பதுக்கு இடம்? லாண்டரிக்காரி தயங்கவே இல்லை. பன்னிரண்டு பேனல்மேலும் விரிப்புகளை அடுக்கி நீவிவிட்டு, மூலைகளில் கவ்விகளைக் குத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

கடைசிப் படியில் கால் வைத்தபோது மிஷின்கள் இரண்டும் முக்கி முனகி நின்றன. உள்ளே சோப்புத் தண்ணீரில் நாற்பது விரிப்புகள்.

“என்ன, சூரியன் சாப்பிடப் போயிட்டாரா?” என்றார் கணவர். அவர் முகத்தில் புதன்கிழமையிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

லாண்டரிக்காரி வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தாள். கண் கூசியது. ஒரு துண்டு மேகம் இல்லை. “ஓட்டைப் பேனலைக் கொண்டுவந்து மாட்டிட்டா உங்க தங்கச்சி! பள்ளிக்கூடத்துல வேலைக்கு ஆகாதுன்னு கழட்டிப் போட்டதை என் தலையில கட்டிட்டா!”

“நான் சொன்னா யார் கேக்குறா? நகரு. மாமனாரை எழுப்புறேன்.” ஜெனரேட்டரைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை அவர் ஆணியிலிருந்து எடுத்தார்.

“ஐயையோ, வேண்டாங்க! மேலே நூத்தி இருபது விரிப்பு காயுது. மாமனார் ஒரு தும்மல் போட்டா அத்தனையும் போச்சு.”

“போடலைன்னா உள்ளே நாப்பது ஊறிக் கிடக்குது. இன்னும் நூத்தி நாப்பது தண்ணியையே பார்க்கலை. மணி பதினொண்ணு. எதைச் சொல்ற?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரம். வெடுக்கென்று கைப்பிடியைப் பிடுங்கினாள். அழுக்குத் துணிக் கூடைக்குள் அதைத் திணித்தாள். கூடையின்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“இறங்கு.”

“மாட்டேன். உங்க தங்கச்சி வரட்டும்.”

“உன் ஓட்டைப் பேனல் நின்னுபோச்சு, உடனே வா” என்று கூடைமேல் இருந்தபடியே நாத்தனாருக்குப் போன் போட்டாள். பத்தாவது நிமிஷம் அவள் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். அண்ணி கூடைமேல் உட்கார்ந்திருப்பதையும் அண்ணன் எதிரில் இடுப்பில் கை வைத்து நிற்பதையும் பார்த்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனாள்.

அடுத்த நிமிஷம் மேலிருந்து சிரிப்பு. தரையில் உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பு.

“அண்ணி! இங்கே வாங்க! அண்ணே, நீயும் வா!”

போனார்கள்.

“யாரு இது, பேனலுக்குப் போர்வை போர்த்தித் தூங்க வைச்சது?”

லாண்டரிக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. காதுவரை சூடாகிவிட்டது. “நேத்துப் போட்டேனே, ஒண்ணும் ஆகலையே...”

“நேத்து மிஷின் நின்னதுக்கப்புறம் போட்டிருப்பீங்க. இதுங்க எல்லாம் கை கோத்து நடக்கிற பசங்க மாதிரி. ஒருத்தன் உக்காந்தா போதும், வரிசையே நிக்கும். நீங்க பன்னிரண்டு பேரையும் உக்கார வைச்சிருக்கீங்க. இதுல எனக்கு ஓட்டைப் பேனல்னு பேரு! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“சூடா இருந்துச்சும்மா. இஸ்திரி போட்ட மாதிரி வருது, நீயே பாரேன்” என்று ஒரு விரிப்பின் முனையைத் தூக்கிக் காட்டினாள் லாண்டரிக்காரி.

கணவர் அதைக் கையில் வாங்கினார். இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். “நிஜமாவே ஒரு சுருக்கம் இல்லையே!” என்றார். சண்டையெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

“நல்லா இருக்கு நீங்க ரெண்டு பேரும் பண்ற குடும்பம்” என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று பேருமாக விரிப்புகளை உருவினார்கள். கீழே மிஷின்கள் ஒரு குலுக்கலோடு ஓட ஆரம்பித்தன. அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் உருவின நாற்பது கையில் ஈரமாக இருக்கிறதே. அதோடு இன்னும் நூற்று எண்பது வரப்போகிறது. எங்கே காயப்போடுவது?

லாண்டரிக்காரி கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் ரொட்டிக்கடைக்காரர் மாடி, அந்தப் பக்கம் வயலின் டீச்சர் மாடி. இரண்டும் காலி. ரொட்டிக்கடைச் சுவர் மாமனார் விட்ட மூச்சில் கன்னங்கரேலென்று இருந்தது. அந்தச் சுவரைப் பார்க்கக் கூசித்தான் அவள் ஒரு வருஷமாக ரொட்டிக்கடைக்காரரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எந்த வாயால் கேட்பது? கேட்டுத்தான் ஆக வேண்டும். குழந்தைகள் படுக்கிற துணி.

“அண்ணே! ரொட்டிக்கடை அண்ணே!”

மாவு படிந்த தலையோடு அவர் மாடிக்கு வந்தார். “என்னம்மா, ரெண்டு நாளா உங்க மாமனார் சத்தத்தையே காணோம்? உடம்புக்கு முடியலையா?”

“தூங்குறாருண்ணே. உங்க மாடியில துணி காயப்போட இடம் வேணும். ஒரு நாளைக்கு.”

“அவர் தூங்குறார்னா என்னைக்கு வேணும்னாலும் போட்டுக்கோ. என் கஷ்டம் உனக்குத் தெரியுமா? மாவு சலிச்சா சல்லடையில கரி நிக்குது. வெள்ளை ரொட்டி கேட்டவங்க, இது என்ன புது ரகமான்னு கேக்குறாங்க.”

அந்தப் பக்கத்து மாடியிலிருந்து வயலின் டீச்சரும் குரல் கொடுத்தார். “என் மாடியும் காலியாத்தான் கிடக்கு. இந்தச் சத்தத்துக்கு நடுவுல என் பிள்ளைங்க எப்படி வாசிக்கிறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சதே இல்லை. இப்பத்தான் முதல் தடவையா முழுசாக் கேட்டேன்.”

“நல்லா வாசிக்கிறாங்களா டீச்சர்?”

“சகிக்கலை. அதான் சந்தோஷம். இனிமே திருத்தலாம் இல்ல?”

“ஆனா ஒரு நிபந்தனை” என்று ரொட்டிக்கடைக்காரர் கணவர் பக்கம் விரலை நீட்டினார். “மாமனாரை எழுப்பக் கூடாது.”

கணவர் நெளிந்தார். “மழைக்காலம் வந்தா?”

“வந்தா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஒரு மணி நேரம் எழுப்பு. நான் மாவு டப்பாவை மூடி வைச்சுக்கறேன்.”

“சரி” என்றார் கணவர். பதினாறு வருஷத்து உறவு. சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மத்தான் செய்தது.

அதற்கப்புறம் மூன்று மாடியிலும் கயிறு கட்டுவதென்ன, கூடை கைமாறுவதென்ன! ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்துதான் விரிப்பைத் தொட்டார். கழுவினாரா என்று லாண்டரிக்காரி ஒவ்வொரு தடவையும் கையைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று மணிக்குக் கடைசி மிஷின் நின்றது. மூன்று மாடியும் சேர்ந்து, பாய் விரித்துப் புறப்பட்ட கப்பல்போல் படபடத்தன.

நாலு மணிக்கு நர்ஸ் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மடித்த அடுக்கிலிருந்து ஒன்றை நடுவில் உருவினார், அடியில் ஒன்றை உருவினார், வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மாடி ஏறி, கொடியிலிருந்த மிச்சத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். லாண்டரிக்காரி பின்னாலேயே போனாள்.

கடைசிக்கு ஒன்று முன்னால் நர்ஸ் நின்றார். விரிப்பின் நடுவில் ஒரு புறா தன் வேலையைக் காட்டிவிட்டுப் போயிருந்தது.

ரொட்டிக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார், புறாவைத் தேடுகிறவர்போல.

“கரின்னா இந்நேரம் திரும்பிப் போயிருப்பேன்” என்றார் நர்ஸ். “இது சோப்புக்கு அடங்கும். எங்க வார்டுல பிள்ளைங்க இதைவிட மோசமா பண்ணுது. அலசிப் போடு. இருந்து முந்நூறையும் சேர்த்தே எடுத்துட்டுப் போறேன்.”

லாண்டரிக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்ப்பதற்குள் விரிப்பை உருவிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். அலசி, பிழிந்து, மேலே கொண்டுவந்தால், எதிர்வீட்டு நிழல் மாடியில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. கொடிகள், பேனல்கள் எல்லாம் நிழலில். ஓரமாக ஒரு பட்டை வெயில்தான் பாக்கி.

“கொடு இப்படி” என்று கணவர் ஒரு பக்கத்து மூலைகளைப் பிடித்தார். அவர் தங்கை மறுபக்கத்து மூலைகளைப் பிடித்தாள். இழுத்துப் பிடித்த விரிப்போடு இருவரும் அந்த வெயிலில் நின்றார்கள். நிழல் ஓரடி முன்னால் வர, இவர்கள் ஓரடி பின்னால் போனார்கள்.

“பார்த்து அண்ணே, சுவரு வந்துடுச்சு.”

“நீ பாத்துக்கோ, உன் பக்கம்தான் தரையில இழுபடுது. தூக்கு.”

நர்ஸ் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். லாண்டரிக்காரி நடுவில் நின்று விரிப்பின்மேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...” இருவரும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றபோது, வெயில் இரண்டு கை அகலத்துக்குச் சுருங்கியிருந்தது.

“காஞ்சிடுச்சு!” என்றாள் அவள்.